ஹியூமனாய்டு ரோபாட்டிக்ஸ் முதுகலை: போல்ட் அடிக்காத ரோபோவைப் படிப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான்: மெக்கானிக்கல் கடைசி வருடம். ஹியூமனாய்டு, அதாவது மனித உருவ ரோபோக்களில் முதுகலை செய்ய ஆசை. "ரோபோ இப்போது தானாகவே நடக்கக் கற்றுக்கொள்கிறது, இனி டைனமிக்ஸ், கண்ட்ரோல் எல்லாம் வேண்டாம், மெஷின் லேர்னிங் மட்டும் படி" என்கிறார்கள் சீனியர்கள். அப்படியா? முதுகலையில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள், எங்கே சேரலாம்?

சீனியர்கள் சொல்வதில் பாதி சரி. நடக்க வைக்கும் நிரலை இன்று பல ஆய்வகங்களில் கையால் எழுதுவதில்லை, சிமுலேஷனில் பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பயிற்சி எதன்மேல் நடக்கிறது, தப்பாகப் போகும்போது எங்கே கை வைத்துப் பார்ப்பது என்பதெல்லாம் டைனமிக்ஸ்தான், அதாவது விசையும் அசைவும் பற்றிய கணக்கு. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கல்லூரிப் பெயர்கள் மட்டும் வேண்டுமென்றால் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம். ஆனால் நடுவில் இருப்பதைப் படித்தால்தான் அந்தப் பெயர்களை எப்படி எடைபோடுவது என்று பிடிபடும்.

கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் ரோபோக் கையைத் தரையில் போல்ட் அடித்து இறுக்கியிருப்பார்கள். ஆறு மூட்டு, ஆறு மோட்டார். எந்த மூட்டு எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால் கை அங்கே போய் நிற்கும். அது தள்ளுகிற விசையையெல்லாம் கான்கிரீட் வாங்கிக்கொள்ளும். இளங்கலையில் படிக்கிற ரோபாட்டிக்ஸ் ஏறக்குறைய முழுவதும் இந்தக் கைதான். மூட்டுகளின் அமைப்பைச் சொல்லும் டெனாவிட்-ஹார்ட்டன்பர்க் அட்டவணை, கை போக வேண்டிய இடத்திலிருந்து மூட்டுக் கோணங்களைக் கண்டுபிடிக்கும் இன்வர்ஸ் கினமேட்டிக்ஸ், பிழையைப் பார்த்து மோட்டாரைத் திருத்தும் ஒரு பிஐடி கண்ட்ரோலர், அதோடு செமஸ்டர் முடிந்துவிடும்.

ஹியூமனாய்டை யாரும் தரையில் போல்ட் அடிப்பதில்லை. முதுகலையில் புதிதாக வருகிற பாரம் முழுக்க இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கிறது. 30 மூட்டு, 30 மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு அறையில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல மேலும் 6 எண்கள் வேண்டும். ஆக 36. அந்த 6-க்கு மோட்டார் கிடையாது. அவற்றை மாற்ற ஒரே வழி, பாதத்தால் தரையைத் தள்ளி, தரை திருப்பித் தள்ளுவதை வாங்கிக்கொள்வது. தரை தள்ளும், ஆனால் இழுக்காது. பக்கவாட்டில் உராய்வு விடுகிற அளவுக்கு மட்டுமே பிடித்துக்கொள்ளும். கட்டுப்படுத்த வேண்டியவை அதிகம், மோட்டார்கள் குறைவு. இந்த வகை அமைப்புகளை 'அண்டர்ஆக்சுவேட்டட்' என்பார்கள். எம்ஐடியில் ரஸ் டெட்ரேக் இதே பெயரில் நடத்தும் முதுகலைப் பாடத்தின் குறிப்புகளும் வீடியோக்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்களுக்கு இந்தத் துறை ஒத்துவருமா என்று பார்க்க முதல் நான்கு அத்தியாயங்களே போதும்.

கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்ன மாதிரி. ரோபோவின் மொத்த நிறையையும் 0.9 மீட்டர் உயரத்தில் ஒரே புள்ளியாகக் குவித்து, அது அந்த உயரத்திலேயே நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கையில் துடைப்பத்தை நிமிர்த்தி நிறுத்துகிற அதே கதைதான். இதை நேரியல் தலைகீழ் ஊசல் என்பார்கள். ஜப்பானின் ஷூஜி கஜிதா 1990-களின் தொடக்கத்திலிருந்து வளர்த்தெடுத்த மாதிரி இது. புவியீர்ப்பு முடுக்கத்தை உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 3.3 வரும். அதன் தலைகீழ் 0.3 நொடி. நிறை மையம் இருக்கும் இடத்தோடு, அதன் திசைவேகத்தை 3.3-ஆல் வகுத்துக் கூட்டினால் ஒரு புள்ளி கிடைக்கும். அதற்கு 'கேப்ச்சர் பாயிண்ட்' என்று பெயர். ஜெர்ரி ப்ராட்டும் சகாக்களும் 2006-ல் அந்தப் பெயரில் எழுதினார்கள். பாதத்தை அந்தப் புள்ளியில் வைத்தால் ரோபோ நின்றுவிடும். வைக்காவிட்டால், புள்ளிக்கும் பாதத்துக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு 0.3 நொடிக்கும் சுமார் 2.7 மடங்காக வளரும். 2 செ.மீ. விலகல் 0.6 நொடியில் கிட்டத்தட்ட 15 செ.மீ. ஆகிவிடும்.

இப்போது யாரோ முதுகில் தட்டுகிறார்கள், உடல் நொடிக்கு அரை மீட்டர் வேகம் பிடிக்கிறது. புள்ளி 15 செ.மீ. முன்னால் போய்விட்டது. கணுக்காலிலிருந்து பாதத்தின் முன் விளிம்பு வரை பெரும்பாலான ரோபோக்களில் அதே அளவுதான் இருக்கும். இதற்கு மேல் தட்டினால் கணுக்காலை இறுக்கிப் பிடித்துப் பயனில்லை, அடி எடுத்து வைத்தே ஆக வேண்டும். எடுத்து வைக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் மேலே உள்ள கணக்கிலேயே இருக்கிறது. பள்ளியில் படித்த இயற்பியலும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடும் மட்டும்தான் இதில் இருக்கின்றன. முதல் செமஸ்டரில் இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் பின்னால் எந்த நடை நிரலைப் பார்த்தாலும் மிரள்வதில்லை.

வரலாற்றுப் பக்கத்தில் பெல்கிரேடைச் சேர்ந்த மியோமிர் வுகோப்ராடோவிச் பெயர் கட்டாயம் வரும். அவர் கொடுத்த 'ஜீரோ மோமெண்ட் பாயிண்ட்' கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால், தரை திருப்பித் தள்ளும் விசை முழுவதையும் ஒரே புள்ளியில் குவித்தால் அந்தப் புள்ளி பாதத்தின் விளிம்புக்குள்ளேயே விழ வேண்டும். விளிம்புக்குப் போய்விட்டால் பாதம் உருளத் தொடங்கும். 1973-ல் டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் இச்சிரோ காட்டோ குழு வாபாட்-1 என்ற முழு அளவு ஹியூமனாய்டைச் செய்தது. ஹோண்டா 1986-ல் இ0 என்ற வெறும் கால்களோடு ஆரம்பித்தது. அது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஏறக்குறைய 5 நொடி எடுத்துக்கொண்டது. பத்து வருடம் கழித்து, 1996 டிசம்பரில், 210 கிலோ எடையுள்ள பி2 படியேறி இறங்கியதைக் காட்டியபோது உலகத்து ஆய்வகங்களெல்லாம் அசந்துபோயின. அசிமோ வந்தது 2000-ல்.

அசிமோ வீடியோவை இப்போது போட்டுப் பாருங்கள். முழங்காலை எப்போதும் கொஞ்சம் மடக்கியே நடக்கும். அழகுக்காக அல்ல. நிறை மையம் ஒரே உயரத்தில் போக வேண்டும் என்று மேலே வைத்துக்கொண்டோமே, அதற்குக் கால் நீளுவதற்கு மிச்சம் இருக்க வேண்டும். முழங்கால் நேராகிவிட்டால் இன்வர்ஸ் கினமேட்டிக்ஸ் கணக்கும் உடைந்துபோகும், மூட்டு வேகத்தைப் பாத வேகத்தோடு இணைக்கும் ஜாக்கோபியன் அணி சிங்குலர் ஆகிவிடும் (அதைத் தலைகீழாக்க முடியாது). ஆக ஒரு சமன்பாட்டின் வசதிக்காக ரோபோ வாழ்நாள் முழுவதும் அரைக்குந்தலில் நடந்தது. முழங்கால் மோட்டார் சும்மா நிற்கும்போதும் எடை தாங்கிச் சூடாகிக்கொண்டே இருந்தது. ஒரு மாதிரியின் எளிமைக்கு எங்கே விலை கொடுக்கிறோம் என்று பார்க்கப் பழகுவது முதுகலையில் கிடைக்கிற நல்ல பயிற்சிகளில் ஒன்று.

இதே காலத்தில் முற்றிலும் வேறு ஒரு வழியும் ஓடிக்கொண்டிருந்தது. மார்க் ரெய்பர்ட் 1980-களில் கார்னகி மெலனிலும் பிறகு எம்ஐடியிலும் ஒற்றைக் காலில் குதிக்கிற ரோபோக்களைச் செய்தார். நிற்கவே முடியாத ரோபோ அது, குதித்துக்கொண்டே இருந்தால்தான் விழாது. எவ்வளவு உயரம் குதிப்பது, பாதத்தை எங்கே வைத்து வேகத்தைச் சரிசெய்வது, உடம்பை எப்படி நிமிர்த்துவது என்று மூன்றே சின்ன விதிகள். அந்த ஆய்வகத்திலிருந்து 1992-ல் பிரிந்து வந்ததுதான் பாஸ்டன் டைனமிக்ஸ். 1990-ல் டாட் மெக்கீர் இன்னும் ஒரு படி போய், மோட்டாரே இல்லாத கால்கள் சரிவில் தானாக நடந்து இறங்குவதைக் காட்டினார். பாதத்தைத் தட்டையாக வைத்து ஒவ்வொரு கணமும் சமநிலையைக் காப்பது ஒரு சிந்தனைப்போக்கு; விழுந்துகொண்டே இருப்பதுதான் நடை, அடுத்த அடியில் பிடித்துக்கொண்டால் போதும் என்பது இன்னொரு சிந்தனைப்போக்கு. இன்றைய ரோபோக்களின் நடை இரண்டாவதற்கே நெருக்கம்.

பாடத்திட்டத்தில் இவையெல்லாம் வெவ்வேறு பெயர்களில் இருக்கும். ரோபோ டைனமிக்ஸ், ஆப்டிமல் கண்ட்ரோல், ஆப்டிமைசேஷன், ஸ்டேட் எஸ்டிமேஷன் (சென்சார்களிலிருந்து ரோபோவின் நிலையைக் கணிப்பது), பெர்செப்ஷன் (சுற்றுப்புறத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது), ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட் லேர்னிங் (மதிப்பெண் கொடுத்து, முயன்று தவறிக் கற்க வைப்பது). ஒன்றோடொன்று சேர்கிற இடம் 'ஹோல் பாடி கண்ட்ரோல்'. நொடிக்குப் பல நூறு முறை ஒரு குவாட்ராட்டிக் புரோகிராமை, அதாவது வரம்புகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் கணக்கை, தீர்க்க வேண்டும்: கை இங்கே போக வேண்டும், நிறை மையம் அங்கே இருக்க வேண்டும், எந்தப் பாதமும் உராய்வுக் கூம்பை (வழுக்காமல் தள்ளக்கூடிய எல்லையை) தாண்டக் கூடாது, எந்த மோட்டாரும் தன் முறுக்குவிசை வரம்பைத் தாண்டக் கூடாது. இவ்வளவையும் ஒரு மில்லிநொடி, இரண்டு மில்லிநொடிக்குள் முடிக்க முடிகிறதென்றால் அதற்கு ராய் ஃபெதர்ஸ்டோன் 1980-களில் கொடுத்த வேகமான டைனமிக்ஸ் அல்காரிதம்கள் ஒரு முக்கியக் காரணம். இதை ஒரு தடவை நீங்களே எழுதிப் பாருங்கள். லைப்ரரியை அழைத்து முடிப்பது பிறகு இருக்கவே இருக்கிறது.

மெக்கானிக்கல்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் காலுள்ள ரோபோக்களை மாற்றியதில் பாதி மோட்டார் பக்கம் நடந்தது. பழைய ஹியூமனாய்டுகளில் சின்ன மோட்டாருக்கு 100-க்கு 1 என்ற மாதிரி ஹார்மோனிக் கியர் போட்டு முறுக்குவிசையைப் பெருக்குவார்கள். கியர் விகிதம் 100 என்றால் மோட்டார் ரோட்டரின் நிலைமம் மூட்டுப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது 100-ன் வர்க்கமாக, 10,000 மடங்காகத் தெரியும். பாதம் தரையில் மோதும்போது அந்தக் கால் நெகிழாது. அடி அப்படியே கியர் பற்களுக்குப் போகும். எம்ஐடியில் சாங்பே கிம் குழு சீட்டா ரோபோக்களில் இதைத் திருப்பிப் போட்டது: விட்டம் பெரிய மோட்டார், சின்ன கியர் விகிதம். மினி சீட்டாவில் வெறும் 6. நிலைமம் 36 மடங்குதான். கால் மோதலை வாங்கிக்கொள்ளும், மோட்டார் மின்னோட்டத்தை அளந்தே தரை எவ்வளவு தள்ளுகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பின்னால் வருகிற லேர்னிங் வெற்றிகளுக்கு இந்த மோட்டார் கொடுத்த பங்கு கட்டுரைத் தலைப்புகளில் வருவதில்லை.

2015 ஜூனில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய ரோபாட்டிக்ஸ் சேலஞ்ச் இறுதிச்சுற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் துறைக்குள் வரக் கூடாது. ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் உருவான போட்டி. வண்டி ஓட்டி வந்து இறங்கி, கதவைத் திறந்து, வால்வைத் திருகி, சுவரில் துளை போட்டு, இடிபாட்டைத் தாண்டி, படியேற வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் எட்டு வேலை. ரோபோக்கள் வண்டியிலிருந்து இறங்கும்போதே சரிந்தன, கதவைத் திறக்கப் போய்ச் சரிந்தன. அந்த விழுகைகளைத் தொகுத்த வீடியோ ரொம்பப் பிரபலம். வென்றது தென்கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழகக் குழுவின் டிஆர்சி-ஹூபோ, 44 நிமிடம் 28 நொடியில், பரிசு 20 லட்சம் டாலர். அது எப்படி வென்றது தெரியுமா? முழங்காலிலும் பாதத்திலும் சக்கரம் வைத்திருந்தார்கள். நடக்கத் தேவையில்லாத இடத்தில் மண்டியிட்டு உருண்டு போனது. "இது ஹியூமனாய்டே இல்லை" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் மிகச் சிறந்த பொறியியல் முடிவு அதுதான்.

சரி, லேர்னிங்குக்கு வருவோம். 2019-ல் சுவிட்சர்லாந்தின் ஸூரிக் இடிஹெச் பல்கலைக்கழகக் குழு ஆனிமல் என்ற நாலுகால் ரோபோவுக்கு சிமுலேஷனிலேயே நடை கற்றுக்கொடுத்து, அதை நேரடியாக நிஜ ரோபோவில் ஏற்றிக் காட்டியது. அதில் கவனிக்க வேண்டிய விஷயம்: மோட்டார் கட்டளைக்கும் வெளிவரும் முறுக்குவிசைக்கும் நடுவில் உள்ள தாமதம், இழுபறி எல்லாவற்றையும் நிஜ ரோபோவில் அளந்து, ஒரு தனி நியூரல் நெட்வொர்க்காக சிமுலேட்டருக்குள் வைத்தார்கள். 2021-ல் அதே இடத்திலிருந்து வந்த வேலையில் ஒரே ஜிபியுவில் ஆயிரக்கணக்கான ரோபோக்களை ஒரே நேரத்தில் ஓட்டி, சமதளத்தில் நடக்க 4 நிமிடத்துக்குள், கரடுமுரடான தரைக்கு 20 நிமிடத்தில் பயிற்சி முடிந்தது. சீனியர்கள் சொல்வது இதைத்தான். இப்போது ஹியூமனாய்டுகளுக்கும் இதுவே வழி.

அப்படியானால் டைனமிக்ஸ் எங்கே போனது? சிமுலேட்டருக்குள் போனது. வெகுமதிச் சார்புக்குள் போனது. பயிற்சியில் நீங்கள் எழுதுவது "இந்த வேகத்தில் போனால் மதிப்பெண், பாதம் வழுக்கினால் கழிவு, முறுக்குவிசை அதிகமானால் கழிவு, அடுத்தடுத்த கட்டளைகள் சட்டென்று மாறினால் கழிவு" என்கிற பட்டியல். அந்தக் கடைசிக் கழிவை விட்டுவிட்டுப் பாருங்கள். சிமுலேஷனில் ரோபோ ஜோராக நடக்கும், ஆனால் மூட்டுகள் விடாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அதை நிஜ ரோபோவில் ஏற்றினால் முதலில் ஒரு ரீங்காரம் கேட்கும், அப்புறம் மோட்டார் வெப்பம் ஏறும், அப்புறம் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டிக்கும். தொடுகை மாதிரியில் சின்ன ஓட்டை இருந்தால் போதும், பாதத்தை அதிரவைத்தே வழுக்கி முன்னேறும் வித்தையை அது கண்டுபிடித்துவிடும். அது வித்தை, நிஜத் தரையில் நடக்காது என்று பார்த்தவுடன் சொல்ல உராய்வு பற்றிய உணர்வு வேண்டும். நிஜ உலகம் எப்படி இருந்தாலும் சமாளிக்கட்டும் என்று நிறை, உராய்வு, மோட்டார் வலு, தாமதம் இவற்றையெல்லாம் பயிற்சியில் வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கலைத்துப் போடுவார்கள்; எதை எந்த அளவுக்குக் கலைப்பது என்று தீர்மானிப்பதும் அதே உணர்வுதான். அளவு மீறிக் கலைத்தால் ரோபோ பயந்து பயந்து கால் வைக்கும்.

கைகளின் கதை இன்னும் கடினம். குட்டிக்கரணம் போடுகிற வீடியோவைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். குட்டிக்கரணத்தில் தரையோடு தொடுகை இரண்டு முறைதான், உடம்பின் நிறை முழுவதும் தெரிந்தது. சட்டைப் பொத்தான் போடுவதில் தொடுகை ஒவ்வொரு கணமும் மாறும், துணியின் வடிவம் யாருக்கும் தெரியாது. இங்கே 2023-ல் வந்த, படம் உருவாக்கும் ஏஐ முறையை அசைவுக்குப் பயன்படுத்தும் டிஃப்யூஷன் பாலிசி, மனிதர் தொலைவிலிருந்து ரோபோக் கையை இயக்கிக் காட்டிப் பழக்கும் ஸ்டான்ஃபோர்டின் அலோஹா, படத்தையும் வாக்கியத்தையும் வாங்கி அசைவைக் கொடுக்கும் கூகுள் டீப்மைண்டின் ஆர்டி-2 போன்றவை திசையை மாற்றின. அவற்றையும் முதுகலையில் படிப்பீர்கள். ஆனால் அடுக்கைக் கவனியுங்கள். ஃபிகர் நிறுவனம் 2025 பிப்ரவரியில் அறிவித்த ஹெலிக்ஸில், காட்சியையும் மொழியையும் புரிந்துகொள்ளும் பெரிய மாடல் நொடிக்கு 7 முதல் 9 முறை ஓடுகிறது. கையை அசைக்கும் சின்ன மாடல் நொடிக்கு 200 முறை. அதற்கும் கீழே மோட்டார் கண்ட்ரோலர்கள் பொதுவாக ஆயிரம் முறைக்கு மேல். 0.3 நொடிக்குள் சாய்வு 2.7 மடங்காகிற உடம்பை நொடிக்கு 8 முறை யோசிக்கிற மூளை மட்டும் காப்பாற்றாது. எந்த அடுக்கில் உங்களுக்கு ஆர்வம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வக வேலை எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஆசையில் சேர்ந்து இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். ரோபோ ஒரு இரும்புச் சட்டத்தில் பட்டை போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் லேப்டாப்பில், ஒருவர் அவசர நிறுத்தப் பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு. பட்டை இறுக்கமாக இருந்தால் அதுவே எடையைத் தாங்கி ரோபோ நன்றாக நடப்பதுபோலக் காட்டிவிடும், தளர்வாக இருந்தால் விழும்போது பிடிக்காது; அந்த அளவைப் பழகவே கொஞ்ச நாள் ஆகும். சிமுலேஷனில் நேராக நடந்தது நிஜத்தில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நெட்வொர்க்கை மறுபடி பயிற்சி செய்ய ஓடுவதற்கு முன்னால் இடுப்பு மூட்டின் பூஜ்ஜிய நிலை (கோணம் அளக்கத் தொடங்கும் இடம்) சரியா என்று பாருங்கள். அங்கே ஒரு டிகிரி பிசகினால் 80 செ.மீ. காலின் நுனியில் 1.4 செ.மீ. தள்ளிப்போகும். அப்புறம் சாய்வையும் முடுக்கத்தையும் அளக்கும் ஐஎம்யு சென்சார் சரியாகத் திருகப்பட்டிருக்கிறதா, பேட்டரி இறங்கியதால் மோட்டார் கேட்ட முறுக்குவிசையைத் தர முடியவில்லையா, கேபிள் எங்காவது இழுக்கிறதா. ஆய்வேட்டில் ஒரு வரியாக வருகிற "ரோபோவில் சோதித்தோம்" என்பதற்குள் இதெல்லாம் இருக்கிறது.

அந்த அவசர நிறுத்தத்திலும் போல்ட் விஷயம் வந்துவிடுகிறது. தொழிற்சாலைக் கையில் பொத்தானை அழுத்தினால் பிரேக் பிடித்து நின்றுவிடும், அதுதான் பாதுகாப்பு. ஹியூமனாய்டில் மின்சாரத்தை வெட்டினால் அப்படியே சரியும். பக்கத்தில் ஆள் இருந்தால்? இப்படித் தானாகச் சமநிலை காக்க வேண்டிய ரோபோக்களுக்கென்று தனிப் பாதுகாப்புத் தரம், ஐஎஸ்ஓ 25785-1, உருவாக்கும் வேலை நடந்துவருகிறது. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுபவர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை; வேலைவாய்ப்புக் கண்ணோட்டத்தில் நல்ல தலைப்பு.

இனி, எங்கே படிப்பது. பட்டத்தின் பெயரில் 'ஹியூமனாய்டு' இருக்கிறதா என்று தேடாதீர்கள். பெரும்பாலும் ரோபாட்டிக்ஸ், மெக்கானிக்கல், கணினி அறிவியல் என்றுதான் இருக்கும். ஆய்வகத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவில் கார்னகி மெலனின் ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட் 1979-ல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்துவிட்டுப் போனவர், பிறகு டூரிங் விருது வாங்கினார். அங்கே இரண்டு முதுகலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: எம்எஸ்ஆர் ஆய்வேட்டை மையமாகக் கொண்டது, எம்ஆர்எஸ்டி தொழில்துறைக்குப் போகிறவர்களுக்கானது. இரண்டு கால் ரோபோ என்று குறிப்பாகக் கேட்டால் மிச்சிகனும் ஓரிகன் ஸ்டேட்டும். 2022-ல் 100 மீட்டரை 24.73 நொடியில் ஓடிக் கின்னஸில் ஏறிய கேஸி என்ற இரண்டு கால் ரோபோ ஓரிகன் ஸ்டேட்டின் பிள்ளை.

ஐரோப்பாவில் ஸூரிக் இடிஹெச் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான டியுஎம்மில் 'ரோபாட்டிக்ஸ், காக்னிஷன், இன்டெலிஜென்ஸ்' என்ற முதுகலை இருக்கிறது. பக்கத்து ஊரான ஓபர்ஃபாஃபென்ஹோஃபனில் டிஎல்ஆர் விண்வெளி மையத்தின் டோரோ ஹியூமனாய்டு. கார்ல்ஸ்ரூஹேயில் ஆர்மார் என்ற ஹியூமனாய்டு ரோபோக் குடும்பம், பானில் ஹியூமனாய்டுகளுக்கென்றே ஓர் ஆய்வகம். இத்தாலியின் ஜெனோவாவில் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் ரோபாட்டிக்ஸ் முதுகலை நடத்துகிறது, அதே ஊரில்தான் குழந்தை உருவில் 53 மூட்டசைவுகள் கொண்ட ஐகப்பை உருவாக்கிய ஐஐடி இருக்கிறது. நம்ம ஐஐடி அல்ல, இத்தாலியத் தொழில்நுட்ப நிறுவனம். ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகம், வசேடா, கஜிதா வேலை செய்த ட்ஸுகுபாவின் ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவன வட்டாரம். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் செலவுக் கவலை பெருமளவு தீரும். ஆனால் பேராசிரியர் ஒப்புக்கொண்டால்தான் வண்டி நகரும்.

இந்தியாவில் முழு அளவு ஹியூமனாய்டை மையமாக வைத்த முதுகலை ஆய்வகங்கள் குறைவு. அதற்காக இங்கே படிக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு ஐஐஎஸ்சியில் ரோபாட்டிக்ஸ் அண்ட் ஆட்டானமஸ் சிஸ்டம்ஸ் எம்.டெக். இருக்கிறது, ஸ்டாக் என்ற நாலுகால் ரோபோ வரிசையும் அங்கேதான் உருவானது. போல்ட் அடிக்காத உடம்பு என்ற வகையில் நாலுகாலுக்கும் இரண்டு காலுக்கும் சமன்பாடு ஒன்றே. நாலுகாலில் இரண்டு வருடம் வேலை செய்தவரை எந்த ஹியூமனாய்டுக் குழுவும் வேண்டாம் என்று சொல்லாது. ஹைதராபாத் ஐஐஐடியின் ரோபாட்டிக்ஸ் ஆய்வு மையம் பெர்செப்ஷனில் வலுவானது. சென்னை ஐஐடியில் பாடங்களைவிட ஆய்வுக்கு முக்கியத்துவம் தரும் எம்.எஸ். வழி உண்டு, வெளிநாட்டு முனைவர் பட்டத்துக்கு அது நல்ல படிக்கட்டு. இஸ்ரோவின் வியோமித்ராவை வைத்துக் கேட்பவர்களுக்கு: 2020 ஜனவரியில் அறிமுகமான அது அரை ஹியூமனாய்டு, கால்கள் இல்லை, விண்கலத்தில் ஓரிடத்தில் இருந்தபடி வேலை செய்ய உருவானது. அதில் உள்ள சவால்கள் வேறு.

காசு விஷயம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம் இல்லை என்பது பொதுவாக உண்மை, ஆனால் டியுஎம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. கார்ல்ஸ்ரூஹே இருக்கும் மாநிலத்தில் 1,500 யூரோ. ஏஜென்ட்டுகள் இதைச் சொல்லாமல் விடுவதுண்டு.

ரோபோ விலை சரிந்தது படிப்பையே மாற்றியிருக்கிறது. 2024-ல் சீனாவின் யூனிட்ரீ ஜி1-ஐ 16,000 டாலர் தொடக்க விலையில் அறிவித்தது. எடை சுமார் 35 கிலோ. 210 கிலோ பி2 விழுந்தால் அது விபத்து. ஜி1 விழுந்தால் இரண்டு பேர் தூக்கி நிறுத்தி அடுத்த நிரலை ஏற்றுகிறார்கள். ஒன்று கவனம்: அந்த விலை அடிப்படைப் பதிப்புக்கு. நாமே நிரல் எழுதி ஓட்ட விடுகிற கல்விப் பதிப்பு அதைவிட விலை அதிகம். "எங்களிடம் ஹியூமனாய்டு இருக்கிறது" என்று விளம்பரப்படுத்தும் கல்லூரியில் எது இருக்கிறது என்று கேளுங்கள். ரிமோட்டில் கை அசைத்துக் காட்டுகிற ரோபோவை வைத்து ஆய்வேடு எழுத முடியாது.

மிச்சமிருக்கும் இந்த வருடத்தில் செய்ய வேண்டியதை ஆசைப்படி அடுக்காமல் குறைவாகச் சொல்கிறேன். நேரியல் இயற்கணிதத்தைத் திரும்பப் படியுங்கள், ஐகன் மதிப்பு என்றால் ஓர் அமைப்பு நிலைக்குமா விழுமா என்று உடனே தோன்ற வேண்டும். உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எழுதும் சுழற்சி அணி, குவாட்டர்னியன் இரண்டையும் கையால் போட்டுப் பழகுங்கள். லினக்ஸ், பைத்தான், ஓரளவு சி++, ரோபோ நிரல்களுக்கான மென்பொருள் கட்டமைப்பான ஆர்ஓஎஸ்-2. ஆர்ஓஎஸ்-1 ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது, அதைக் கற்றுத்தரும் கோச்சிங் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். முஜோகோ சிமுலேட்டர் இப்போது இலவசம், அதற்கான ரோபோத் தொகுப்பில் ஜி1 மாதிரியும் இருக்கிறது. முதலில் நான் மேலே சொன்ன ஊசலை அதில் நிறுத்துங்கள். பிறகு அதே ஊசலைத் தள்ளிவிட்டு, கேப்ச்சர் பாயிண்ட்டில் கால் வைக்கச் செய்யுங்கள். அதற்குப் பிறகு ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட் லேர்னிங்கில் அதையே செய்து, இரண்டும் எங்கே விழுகின்றன என்று ஒரே வரைபடத்தில் போடுங்கள்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது அந்த வரைபடத்தை இணைத்து, அவர்களுடைய எந்தக் கட்டுரையோடு அது தொடர்புடையது என்று இரண்டு வரி எழுதினால் போதும். "உங்கள் ஆராய்ச்சியால் பெரிதும் ஈர்க்கப்பட்டேன்" என்று தொடங்குகிற மின்னஞ்சல்கள் அவர்களுக்குத் தினமும் வருகின்றன. அதோடு, அந்த ஆய்வகத்தில் இப்போது படிக்கும் ஒரு முதுகலை மாணவரைத் தேடிப்பிடித்து, முதுகலைக்காரர்களை ரோபோவைத் தொட விடுகிறார்களா, அல்லது அது முனைவர் பட்ட மாணவர்களுக்கு மட்டுமா என்று கேட்டுவிடுங்கள். ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் உங்கள் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு இப்போதே பதிவு செய்யுங்கள், அது கையில் வர வாரக்கணக்கில் ஆகும்.